மூன்றாவது படி

மார்ச் 4, புதன்

வாலு,

உன் நம்பரை பிளாக் செய்து ஒன்பது நாள் ஆகிறது. அதற்குள் வேறு வேறு நம்பரிலிருந்து பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறாய். நீ வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடை நம்பரிலிருந்துகூட. போனில் பேசினால் இரண்டே நிமிஷத்தில் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு "சரி, சாப்பிட்டியாடி?" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். நீ பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. பதில் சொல்வதானால் நீயும் காகிதத்திலேயே சொல்.

ஜனவரியில் நாலு நாள் வந்தாய். கையில் முப்பத்திரண்டு இடங்கள் கொண்ட லிஸ்ட். எல்லாம் யார் யாரோ போட்ட படங்களிலிருந்து பொறுக்கி எடுத்தது. எந்தப் பாலத்தில் எத்தனையாவது தூணில் சாய வேண்டும், எந்த நூலகத்தில் எந்த மாடி வளைவிலிருந்து கீழே பார்க்க வேண்டும், எந்த டீக்கடையில் எந்த ஜன்னலோர மேஜை. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் உன் முகம் தெரியும். வந்ததும் போனைச் சுவரில் செருகிவிட்டு அதன் பக்கத்திலேயே தூங்கிவிடுவாய். நாலு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. அவள் உன் தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைசி நாள் சாயங்காலம் எங்கள் வாசலுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்து, "அக்கா, இத இத்தன நாளா என்கிட்ட மறச்சு வச்சிருந்தியா!" என்று கத்தினாய். நான் எட்டு வருஷமாக அந்தச் சுவரைப் பார்க்கிறேன். மஞ்சள் பூச்சு, பாதி உதிர்ந்தது. அதை ஒட்டி நாற்பத்தொரு படி. அவ்வளவுதான். நீ படம் எடுத்தாய், போட்டாய். "மாலை நாலு பத்து, மூன்றாவது படி" என்று நேரமும் இடமும் எழுதி, தெருவையும் குறித்துக் கொடுத்தாய். நான் உன்னிடம் விலாசம் கொடுத்தது வந்து தங்குவதற்கு. ஊருக்கே கொடுப்பதற்கு அல்ல.

இப்போது தினம் ஐம்பது பேர் வருகிறார்கள். நேற்று ஒருத்தி என் ஜன்னலைத் தட்டி, "ஆன்ட்டி, அந்தப் போர்வைய கொஞ்சம் உள்ள எடுத்துக்குறீங்களா? கலர் இடிக்குது" என்கிறாள். என் வீட்டுக் கொடியில் என் அம்மாவின் போர்வை காய அவளிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். இன்னொருவன் ஜன்னல் விளிம்பில் நான் செய்து ஆறவைத்திருந்த செயற்கைப் பல் செட்டைக் கையில் எடுத்து, தன் வாய்க்கு முன்னால் பிடித்து, படம் எடுத்துக்கொண்டான். அது ஒரு ஓய்வு பெற்ற நீதிபதியின் பல். மறுபடி கழுவி, மறுபடி மெருகேற்றி, பல் டாக்டரிடம் தாமதத்துக்கு ஒரு பொய் சொல்லி அனுப்பினேன்.

அதெல்லாம்கூடப் போகட்டும். அம்மாவுக்கு வலது கால் இன்னும் இழுக்கிறது, பேச்சும் முழுசாகத் திரும்பவில்லை. இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்தபோது டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டாய்: இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். இந்தக் கூட்டத்தில் யாராவது இடித்து அந்தப் படியில் அவள் உருண்டால் நீ எந்த லிஸ்ட்டில் சேர்ப்பாய்? மூன்று மணி ஆனால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பயந்து போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன். வாசல் கதவைப் பூட்டி, சாவியை என் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

அந்தப் படத்தை உன் பக்கத்திலிருந்து எடு.

அக்கா


மார்ச் 9, திங்கள்

மாண்புமிகு ஹெட்மாஸ்டர் அவர்களுக்கு,

(சிரித்துவிட்டாயா? இல்லையா? சரி. விளையாட்டை நிறுத்திவிட்டேன்.)

அக்கா, படத்தை எடுத்துவிட்டேன். உன் கடிதத்தைப் பிரித்த ஐந்தாவது நிமிஷம் எடுத்தேன், கடைக் கவுன்டரில் நின்றுகொண்டே. ஆனால் நான் எடுத்து என்ன பயன்? அதற்குள் நானூறு பேர் அதே இடத்தில் அதே மாதிரி நின்று தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். சிந்திய பாலை அள்ள முடியுமா? தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன், பார், மேலே மசி தெரியும். தெரிந்துதான் செய்தேன். "எந்த இடம்? ப்ளீஸ் சொல்லுங்க" என்று முந்நூறு பேர் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எனக்கு நாள் முழுக்க என்ன வேலை தெரியுமா? வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்து, பரிசோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டு, "எது தெளிவா இருக்கு? இதுவா, இதுவா?" என்று கேட்பது. என் மேஜைக்கு நேரே ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே கார் நிறுத்துமிடம். ஏழு மாசம் லீவு சேர்த்து அந்த நாலு நாள் வந்தேன். வீட்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, கடையில் முதலாளி போட்டுக்கொள்வதில்லை, நீ என்றைக்குமே போட்டுக்கொண்டதில்லை. நான் படம் போடுகிற பக்கத்தில் அறுபத்தோராயிரம் பேர் நான் நில் என்ற இடத்தில் நிற்கிறார்கள். இது பெருமை இல்லை அக்கா, ஏதோ அரிப்பு மாதிரி. இப்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தட்டை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பார்க்கிறேன். அதற்குள் ஆறிவிடுகிறது.

அம்மாவோடு உட்காரவில்லை என்று எழுதியிருக்கிறாய். உட்காரவில்லைதான். அந்தச் சுவர்ப் படம் எடுத்தபோது அம்மா அந்தப் படியில்... சரி, அதை விடு. அப்புறம் சொல்கிறேன்.

அம்மா நிஜமாகவே பயந்திருக்கிறாளா? மைதானத்தில் எழுநூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்திய பி.டி. டீச்சர், போன் வைத்திருக்கிற நாலு பேரைப் பார்த்தா பயப்படப் போகிறாள்? நம்ப முடியவில்லை. நீ பக்கத்தில் இருக்கிறாய், உனக்குத்தான் தெரியும்.

பிளாக்கை எடுக்க மாட்டாயா?

வாலு


மார்ச் 14, சனி

வாலு,

மாட்டேன்.

நீ படத்தை எடுத்ததில் ஒரு துரும்பும் அசையவில்லை. இன்று சனிக்கிழமை. நூறு பேருக்கு மேல். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் என் ஜன்னல் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். பென்சிலால் குத்தலாமா என்று யோசிக்கிறேன்.

அம்மா பயப்படவில்லை. நீ சொன்னது சரி. இப்போது அதைவிடப் பெரிய தலைவலி. போன செவ்வாய்க்கிழமை குப்பை எடுக்கிறவர் வந்தபோது கதவைத் திறந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா படியில் நிற்கிறாள். கழுத்தில் விசில். அதை அவள் ஓய்வு பெற்ற பிறகு பீரோவின் மேல்தட்டில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். எப்படி எட்டினாள், நாற்காலி போட்டு ஏறினாளா, அந்தக் காலோடு? கேட்பதற்குள் ஊதிவிட்டாள். இரண்டு குட்டை, ஒரு நீளம். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரமாகக் கையைக் காட்டினாள். வரிசையாக நின்றுவிட்டார்கள்! எனக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தது. எரிச்சலைத்தான் வெளியே காட்டினேன்.

அன்றிலிருந்து மூன்று மணிக்குக் கதவைத் தட்டுகிறாள். திறக்காவிட்டால் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அந்தச் சத்தத்தில் மெழுகில் பல் பதிக்க முடியுமா? கை அரை மில்லிமீட்டர் விலகினால் வாயில் கடிக்காது. இந்த வாரம் இரண்டு செட் திரும்பி வந்திருக்கிறது. எட்டு வருஷத்தில் எனக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இன்னொரு விஷயம், எழுதவே கை வரவில்லை. உன் போஸ்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மூன்றாவது படியில் போய் நிற்கிறார்கள். அம்மா அவர்களை விரட்டி ஐந்தாவது படிக்கு ஏற்றுகிறாள். "அம்மா, மூணாவதுதான் போட்டிருக்கு" என்றால் தலையை ஆட்டி ஐந்து விரலைக் காட்டுகிறாள். நேற்று ஆறு விரல். எண்ணிக்கை குழம்புகிறதோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவின் டாக்டரிடம் சொன்னேன். அடுத்த மாசம் அழைத்து வாருங்கள், ஞாபக சக்திக்கு ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான் நம்முடையது. நீதானே விட்டாய், நீயே எடு. என்ன செய்வாயோ தெரியாது. அந்த அறுபத்தோராயிரம் பேரும் நீ சொன்னால் கேட்பார்கள் என்றாயே? வேறு எங்காவது போய் நிற்கச் சொல்.

அக்கா


மார்ச் 19, வியாழன்

அக்கா!

செய்துவிட்டேன். பாம்பும் செத்தது, தடியும் உடையவில்லை.

ஜனவரியில் கடைசியாகப் போன இடம் ஒன்று இருக்கிறது. உன் ஊரின் அந்தக் கோடியில், பழைய படகுத்துறை. அங்கே தண்ணீருக்குள் இறங்குகிற கல் படிக்கட்டு, பாசி படிந்து ஒரே பச்சை. பார்த்தால் மூச்சு நிற்கும். அந்தப் படத்தை இன்னொரு நாளைக்கு என்று பதுக்கி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அதைப் போட்டு, "மஞ்சள் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். இனி இதுதான் இடம். மாலை நாலரை" என்று எழுதினேன். வெள்ளையடித்தது பச்சைப் பொய். யாரும் சரிபார்க்கவில்லை. "அச்சச்சோ" என்று அழுகிற முகம் இரண்டாயிரம் பேர் போட்டார்கள். மறுநாளே படகுத்துறைப் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

உன் தெரு உனக்குத் திரும்பி வந்துவிட்டதா? எழுது. நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நேற்று முழுக்கக் கடையில் விசிலடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி முறைத்தார்.

ஆனாலும் ஏனோ மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அம்மா ஐந்து விரல் காட்டினாள் என்று நீ எழுதியதை நாலு முறை படித்தேன். அவளுக்கு ஒன்றும் இருக்காது, இல்லையா? அவள் பிள்ளைகளின் ரோல் நம்பரை எல்லாம் தலைகீழாகச் சொல்வாளே. பரிசோதனை எந்தத் தேதி? நான் வரட்டுமா? வந்தால் கதவைத் திறப்பாயா?

வாலு


மார்ச் 26, வியாழன்

வாலு,

தெரு திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமை பதினைந்து பேர், செவ்வாய் நாலு பேர், நேற்று யாருமே இல்லை. நன்றி. பொய் சொன்னதற்கு நன்றி சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன் பார்.

இப்போது கதவைப் பூட்டுவதில்லை. அம்மா தானாகவே மூன்று மணிக்குப் போய் வாசல் படியில் உட்காருகிறாள். கழுத்தில் விசில். ஐந்து மணி வரை மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். காற்றில் காகிதம் பறந்து வந்தால்கூட நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு எழுந்து உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். சாப்பாடு அப்படியே இருக்கிறது. "ஏ... ஏன் யாரும் வரல?" என்று நேற்று கேட்டாள். ஒரு மாசத்தில் அவள் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது. நான் "மழ வரும்போல இருக்குல்ல, அதான்" என்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

இன்று இரண்டு கல்லூரிப் பெண்கள் வழிதவறின மாதிரி வந்தார்கள். "வெள்ளையடிச்சுட்டாங்கன்னு சொன்னாங்களே, மஞ்சளாத்தானே இருக்கு?" என்று ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள். போனைக் காட்டி, எல்லோரும் இப்போது படகுத்துறைக்குத்தான் போகிறார்கள், பன்னிரண்டாம் நம்பர் பஸ் நேரே போகும், சனிக்கிழமை நாங்களும் போகிறோம் என்றெல்லாம் சொன்னாள். அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் திரையைப் பெரிதாக்கி ஏதோ எண்ணினாள்.

அவர்கள் போன பிறகு என்னிடம் அவளுடைய வெளிச் செருப்பு எங்கே என்று கேட்டாள். ஆறு மாசமாக அவள் அதைப் போடவே இல்லை. எடுத்துக் கொடுத்தேன். துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வயசானால் எதன்மேல் ஆசை வரும் என்று சொல்ல முடியாது.

பரிசோதனை ஏப்ரல் 9. வருவதானால் வா. திறப்பேன்.

அக்கா


மார்ச் 30, திங்கள்

அக்கா,

உன் 26-ஆம் தேதிக் கடிதம் இன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்த பிறகு. செருப்பைப் பற்றிய வரியைப் படித்துவிட்டுக் கடையின் பின்புற அறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இது சனிக்கிழமைக்கு முன்னால் கையில் கிடைத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்குமா? நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சனிக்கிழமையைப் பற்றி நாம் போனில் பேசியதெல்லாம் கூச்சலும் அழுகையும்தான். என் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. எழுதிவிடுகிறேன்.

மூன்றேமுக்காலுக்குப் போன் அடித்தது. முப்பத்துமூன்று நாளுக்குப் பிறகு திரையில் உன் பெயர். பிளாக்கை எடுத்துவிட்டாள், சமாதானம் ஆகிவிட்டாள் என்று சந்தோஷமாக "என்ன ஹெட்மாஸ்டர்!" என்றேன். நீ "அம்மாவக் காணோம்டி" என்றாய். பல் செட்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினேன், கதவு திறந்து கிடக்கிறது, மேல் படி கீழ் படி எல்லாம் தேடிவிட்டேன், போலீஸில் சொல்லிவிட்டேன் என்றாய். நான் ஒன்பது மணி நேரப் பயணத் தூரத்தில் நிற்கிறேன். எதிரில் ஒரு பெரியவர் பரிசோதனைக் கண்ணாடியோடு "இதுதான் தெளிவு, இதுதான் தெளிவு" என்கிறார். அவரை அப்படியே விட்டுவிட்டேன்.

கால் இழுக்கிற ஒருத்தி எங்கே போவாள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வித்தைதான். படங்களைத் திறந்தேன். உன் தெருவில் அன்றைக்கு யாரும் எதுவும் போடவில்லை. என் கை தானாகவே படகுத்துறைக்குப் போனது. அங்கே அன்று மதியத்திலிருந்து நாற்பது படம். அம்மாவின் பச்சை ஸ்வெட்டரைத் தேடினேன். ஒவ்வொரு படத்திலும் நிற்கிறவர்களை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தேன். முதுகுகளை, பாதிக் கைகளை, வெட்டுப்பட்ட காலை. இத்தனை வருஷம் நான் வெட்டி எறிகிற பகுதியை. பச்சை எங்கேயும் இல்லை, பாசியைத் தவிர.

பிறகு ஒரு வீடியோ. ஒரு பெண் படியில் நின்று சுற்றுகிறாள், மேலே ஏதோ பாட்டு ஒட்டியிருக்கிறது. பாட்டுக்கு அடியில் ஏதோ கேட்டது. போனைக் காதில் வைத்து அழுத்தினேன். இரண்டு குட்டை, ஒரு நீளம். அந்தச் சத்தத்துக்குப் பத்து வருஷம் நாமிருவரும் ஓடியிருக்கிறோம். வீட்டில் அம்மா, மைதானத்தில் "டீச்சர்" என்று கூப்பிட வேண்டும் என்று விதி. உனக்குப் போன் போட்டு "படகுத்துறை, படகுத்துறை" என்று கத்தினேன். கடையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

நீ டாக்ஸியில் போன நாற்பது நிமிஷம் எப்படிப் போயிற்று என்று நீ என்னிடம் கேட்கவில்லை. சொல்கிறேன். அந்தப் படிக்குக் கைப்பிடி கிடையாது. அது எனக்குத் தெரியும். கைப்பிடி இல்லாததால்தான் படம் அவ்வளவு அழகாக வந்தது. பாசி வழுக்கும் என்பதும் தெரியும், எனக்கே இரண்டு முறை வழுக்கியது. அதைப் போஸ்டில் எழுதவில்லை. என் பேச்சைக் கேட்டு நம் அம்மா அங்கே நிற்கிறாள்.

அந்த வீடியோ போட்ட பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன்: விசிலடிக்கிறவர் என் அம்மா, தயவுசெய்து தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். அவள் பதில் போட்டாள்: "கியூ பாத்துக்குறாங்களே, அந்த ஆன்ட்டியா? அவங்க இங்க வேல பாக்குறவங்கன்னு நெனச்சோம்." சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

இப்போது அன்றைக்கு விட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் அந்த மஞ்சள் சுவர்ப் படத்தை எடுத்தபோது அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்றாவது படியில்தான். நான் நாலு நாளில் முதல் முறையாகத் தெருவிலேயே நின்றேன், அதனால் என் பக்கத்தில் இருக்கலாம் என்று வந்திருக்கிறாள். நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, நீ ஃப்ரேம்ல வர்ற. கொஞ்சம் தள்ளிப் போயேன்" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். எழுந்திருக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமில்லையா? நான் பொறுமை இல்லாமல் காத்திருந்தேன்.

நேற்று என் போனில் அந்த நாலு நாள் படங்களை எல்லாம் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. அம்மா ஒன்றில்கூட இல்லை. ஒன்றே ஒன்றில் இடது ஓரத்தில், சுவரைப் பிடித்திருக்கிற நாலு விரல் மட்டும். போடும்போது அதையும் வெட்டிவிட்டுத்தான் போட்டிருந்தேன்.

நீ இனிமேல் என்னை பிளாக் செய்தாலும் நியாயம்தான்.

வாலு


ஏப்ரல் 3, வெள்ளி

வாலு,

அழுது முடித்துவிட்டாயா? முடித்திருந்தால் மேலே படி. முடிக்காவிட்டால் முடித்துவிட்டு வா.

என் பக்கத்துக் கதையையும் கேள். டாக்ஸியை விட்டு இறங்கி ஓடினேன். படகு கட்டுகிற இரும்புக் கட்டைமேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்கு நாலு அடி தள்ளித்தான். பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள், வெயில். அதனால்தான் உன் கண்ணில் படவில்லை. முன்னால் முப்பது பேர் வரிசையில். பாசிப் படியில் ஒருவருக்கு மேல் இறங்க விடவில்லை. ஒரு தடியன் தாண்டிப் போனான். ஒரு விசில். அப்படியே பின்னால் வந்துவிட்டான். எனக்குக் கத்த வேண்டும் என்றுதான் வாய் துடித்தது. கத்தவில்லை. பத்து நிமிஷம் பின்னாலேயே நின்று பார்த்தேன். பக்கவாதத்துக்கு அப்புறம் அவள் முதுகு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும், "க... கதவு பூட்டுன நீ" என்றாள். தானே போய் டாக்ஸியில் ஏறிக்கொண்டாள்.

அவள் விழுந்துவிடுவாள் என்றுதான் பூட்டினேன் என்று உன்னிடம் எழுதினேன். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பூட்டினால் எனக்கு வேலை நடக்கும். ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவளைப் பற்றிய கவலை ஒரு இடத்தில் இருக்கும். பல்லை மெழுகில் பதிக்கிற மாதிரி அவளையும் பதித்து வைக்கப் பார்த்தேன். நீ நாலு நாளில் செய்ததைத்தான் நான் இரண்டு வருஷமாகச் செய்திருக்கிறேன். நீ ஒரே ஒரு தடவை தள்ளிப் போகச் சொன்னாய்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. படிக்க வேண்டும் என்று தோன்றியது. நீ தள்ளிப் போகச் சொன்ன இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். நான் பயந்துவிட்டேன். ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடிவிட்டு இப்படிச் சொன்னாள்: "சரியாத்தான் சொன்னா. வெ... வெளிச்சத்த நாந்தான் மறச்சேன்."

பிறகு என்னைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மணி நாலு. சுவரில் வெயில் பட்டை விழுந்திருந்தது. மூன்றாவது படியில் வெறும் நிழல். அவள் ஏழு விரல் காட்டினாள். எண்ணிப் பார்த்தேன். வெயில் ஏழாவது படியில் நிற்கிறது. "ஜனவரி மூணு. இப்ப ஏ... ஏறிடுச்சு" என்றாள். உன் மூன்றாவது படி ஜனவரி வெயிலுக்கு, வாலு. அது மாறிக்கொண்டே இருக்கிறது. வந்த அத்தனை பேரில், நீ உட்பட, நான் உட்பட, அதைக் கவனித்தது அவள் ஒருத்திதான். நீ வெளிச்சம் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்ததை வாசலில் நின்று கவனித்து அவளாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் டாக்டரிடம் போய் அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது. 9-ஆம் தேதியை ரத்து செய்துவிட்டேன்.

இப்போது நான் சொல்கிறபடி செய். பொய்யைத் திருத்திப் போடு. சுவருக்கு வருவதானால் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அன்று டீச்சருக்கு லீவு. பல் செட்டைத் தொடுகிறவர்களுக்குப் பொறுப்பு நான் அல்ல. படகுத்துறையைப் பற்றியும் உண்மையை எழுது, வழுக்கும் என்று.

நேற்று வெல்டிங் ஆள் வந்து நம் தெருவில் கீழ்ப் படியிலிருந்து பதினைந்தாவது படி வரை கைப்பிடி போட்டுவிட்டுப் போனார். படம் கெட்டுப்போகும், தெரியும். கெடட்டும்.

நீ எப்போது வருகிறாய்?

அக்கா


ஏப்ரல் 7, செவ்வாய்

அக்கா,

எழுதிப் போட்டுவிட்டேன். மஞ்சள் சுவர் அங்கேயே இருக்கிறது, நான் சொன்னது பொய் என்று. படகுத்துறையில் கைப்பிடி இல்லை, வழுக்கும், போகாதீர்கள் என்று. சுவருக்கு வருகிறவர்கள் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், அங்கே விசிலோடு ஒரு பி.டி. டீச்சர் இருப்பார், அவர் காட்டுகிற இடத்தில் நில்லுங்கள் என்று. நாலாயிரம் பேர் திட்டிவிட்டு என் பக்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். போகட்டும். நேற்று முழுக்கக் கை அரித்தது, எத்தனை பேர் என்று பார்க்கச் சொல்லி. இன்று காலையில்தான் பார்க்காமல் டீ குடித்தேன். சூடாக இருந்தது.

சனிக்கிழமை வருகிறேன். பையில் நாலு துணி, அம்மாவுக்குப் புது விசில் கயிறு. லிஸ்ட் இல்லை. நாலு நாளும் வீட்டில்தான். தட்டை மூடி வைக்க வேண்டாம் என்று சொல். இல்லை, சொல்லாதே. நான் வருவதையே அம்மாவிடம் சொல்லாதே.

மூன்றரைக்குக் கீழே வந்து வரிசையில் கடைசியாக நிற்கிறேன். என் முறை வரும்வரை வாய் திறக்க மாட்டேன். போன் உன் கையில் இருக்கட்டும். வெயில் அன்றைக்கு எத்தனையாவது படிக்கு ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் விரலைக் காட்டட்டும், அங்கே போய் நிற்கிறேன். அப்புறம் அவளைக் கூப்பிடுவேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி வர எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், வெயில் போனாலும் போகட்டும். அவள் வந்து என் பக்கத்தில் நின்ற பிறகுதான் நீ எடுக்க வேண்டும்.

வாலு